பழைய வெள்ளி வாங்கப்படும்

சகாயசெல்வி முதன்முதலாக வெள்ளி விற்கப் போனபோது அவள் கணவன் ராயப்பராஜும் கூட வந்திருந்தான். அவனுக்குக் குவைத்துக்கு விசா வந்திருந்தது. ஏஜென்டுக்குக் கட்டுவதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. எரியோட்டில் அவள் அப்பா போட்டு அனுப்பிய தங்கமெல்லாம் ஏற்கெனவே பேங்கில் அடகில் இருந்தது. மிஞ்சியது வெள்ளிதான்: கனத்த கொலுசு ஒரு ஜோடி, ஒரு சாப்பாட்டுத் தட்டு, இரண்டு டம்ளர், மகள் தமிழ்நிலாவின் ஞானஸ்நானத்துக்கு வந்த அரைஞாண் கொடி. எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்து பைக்குள் வைத்து, திண்டுக்கல் கடைவீதிக்குக் கொண்டுவந்தார்கள்.

தட்டும் டம்ளரும் வாங்கிய அதே கடைக்குத்தான் போனார்கள். தெரிந்த கடை, நியாயமாகப் போடுவார்கள் என்று செல்வி நினைத்தாள். கல்லாவில் இருந்தவர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கொலுசைக் காதருகே வைத்து உலுக்கினார். தராசில் வைத்து எடுத்து, கால்குலேட்டரில் தட்டி, வந்த தொகையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் மனதில் போட்டுவைத்திருந்த தொகையில் பாதியைத்தான் அது கொஞ்சம் தாண்டியிருந்தது.

"அண்ணே, இது உங்க கடையில வாங்குனதுதான?"

"ஆமாம்மா, நம்ம சரக்குதான். முத்திரை இருக்கே."

"வாங்குறப்ப முழுசும் வெள்ளின்னு காசு வாங்குனீங்க. விக்கிறப்ப மட்டும் பாதி காணாமப் போயிருச்சா?"

"பழசுக்கு இப்படித்தாம்மா. டச்சு கம்மி, கழிவு போகணும். எங்க போனாலும் இம்புட்டுதான்."

டச்சு என்றால் என்ன, கழிவு எதற்கு என்று அவள் கேட்க வாயெடுத்தாள். ராயப்பராஜ் அவள் முழங்கையைத் தொட்டான். "விடு செல்வி. போயிட்டு வந்து நூறு தட்டு வாங்கித் தாரேன்."

அந்த மாதமே அவன் போய்விட்டான். அங்கே ஒரு பால் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை. இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு வந்து, சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வாங்கி இங்கேயே ஓட்டலாம் என்பது பேச்சு. இரண்டு நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. அடகு நகை திரும்பியது. நாகல் நகரில் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு, அதே தெருவில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். மகள் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஒவ்வொன்றும் முடியும்போது அவன் வந்துவிடுவான் என்று செல்வி நினைப்பாள். ஒவ்வொன்றும் முடிவதற்குள் இன்னொன்று ஆரம்பித்திருக்கும்.

லீவில் வரும்போதும் அவன் அவளுக்குக் கிடைத்ததில்லை. அக்கா வீட்டில் பிள்ளைக்குப் புதுநன்மைப் பூசை, விருந்து, சித்தப்பா வீட்டுக் கல்யாணம், குழாய் ரிப்பேர், சொந்தக்காரர்களுக்குச் சோப்பும் சென்டும் கொண்டுபோய்க் கொடுப்பது. மாதம் ஓடிவிடும். அவன் போன பிறகு கட்டிலில் அவன் படுத்த பக்கத்தில் துவைத்த துணியைக் குவித்துவைப்பாள். மடிப்பதற்கு நேரமில்லாமல் அல்ல. அந்த இடம் வெறுமனே கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

போனில் பேச்சும் தேய்ந்துபோயிருந்தது.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ம். பாப்பா என்ன பண்றா?"

"படிக்கிறா."

"சரி, வச்சிரவா?"

இருவருக்கும் வைக்க மனசில்லை. பேச எதுவும் இல்லை. அவன் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் யாரோ கரண்டியால் சட்டியைச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் போனைக் காதில் வைத்திருப்பாள்.

தமிழ்நிலா ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், பகலெல்லாம் சும்மா இருக்க முடியாமல் செல்வி வேலைக்குப் போனாள். பொன்னழகு என்பவர் வைத்திருந்த வெள்ளிக் கடையில் பெண்களுக்குக் கொலுசு எடுத்துக் காட்டும் வேலை. முதல் ஆறு மாதம் அவள் கவனித்ததெல்லாம் வாடிக்கையாளர்களின் கால்களைத்தான். அப்புறம் தராசையும் உள்ளறையையும் கவனிக்க ஆரம்பித்தாள். பொன்னழகு எதையும் ஒளித்துச் செய்கிறவர் இல்லை. யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தவர். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளே ராயப்பராஜுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நம்ம தட்டுல மீதிப் பாதி எங்க போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"எந்தத் தட்டு?"

"நீங்க போறப்ப வித்தமே, அது."

"எங்க போச்சாம்?" என்றான்.

"அந்தத் தட்டுல நூத்துக்கு எம்பது பங்குதான் வெள்ளி. மிச்சம் செம்பு. அதத்தான் எம்பது டச்சுங்குறாங்க. நமக்கு விக்கிறப்ப முழு எடைக்கும் சுத்த வெள்ளி விலை. அதுக்கு மேல செய்கூலி, சேதாரம். திருப்பிக் கொண்டு போறப்ப எம்பதுக்குத்தான் காசு. செய்கூலி போச்சு, சேதாரம் போச்சு. அதுலயும் விக்கிற விலை வேற, வாங்குற விலை வேற. அழுக்குக்குக் கொஞ்சம், மூட்டு ஒட்டுறதுக்குப் பத்தவச்ச பொடிக்குக் கொஞ்சம்னு கழிச்சுக்கிறது. போறப்பவும் லாபம், வாரப்பவும் லாபம்."

"அடேயப்பா. அப்புறம் நம்ம தட்ட உருக்கிருப்பாங்களா?"

"அதான் இல்ல! நல்லா இருக்குற தட்ட எவனாச்சும் உருக்குவானா? மெருகு போட்டு, கண்ணாடிக்குள்ள வச்சு, மறுபடியும் செய்கூலியோட வேற யாருக்காச்சும் வித்திருப்பாங்க. நம்ம தட்டுல யாரோ சோறு தின்னுக்கிட்டு இருக்காங்க இப்ப."

ராயப்பராஜ் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று அவர்கள் பேசி முடித்தபோது அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்திருந்தது.

அதிலிருந்து தினமும் வெள்ளிதான் பேச்சு. கொலுசுக்கு ஏன் டச்சு குறைவு, சாமி சிலைகளுக்குள் அரக்கு ஊற்றி எடை ஏற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, காலையில் வாங்கிய பழசை அன்றைக்கே சேலத்து வெள்ளிப் பட்டறைகளுக்குத் தள்ளிவிடுகிறவன் ஏன் நிம்மதியாகத் தூங்குகிறான், வைத்திருந்து பார்க்கிறவன் ஏன் தூங்குவதில்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்பான். அவனும் அங்கிருந்து தினமும் காலையில் வெள்ளி விலை பார்த்து அனுப்ப ஆரம்பித்தான். விலைக்குக் கீழே ஒரு நாள் "தலைவலி விட்டுச்சா?" என்று இருக்கும். இன்னொரு நாள் "அந்த ஊதாச் சேலைய இன்னும் வச்சிருக்கியா?" என்று இருக்கும். கல்யாணமான புதிதில்கூட இப்படியெல்லாம் அவன் கேட்டதில்லை.

கொரோனா முடிந்து கடைகள் திறந்தபோது, பொன்னழகு தன் கடையைச் சுருக்கினார். செல்வி நாகல் நகரிலேயே ஒரு ஒடுக்கமான அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு தராசு, ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் மஞ்சள் பலகையில் "பழைய வெள்ளி வாங்கப்படும்" என்று எழுதவைத்தாள். டச்சு பார்க்கும் மெஷின் வைக்க வசதியில்லை. அதற்குப் பக்கத்துத் தெருவில் பீர் முகமது வைத்திருந்த மெஷினுக்கே அனுப்பிவிடுவாள். அவர் கொடுக்கும் சீட்டை விற்க வந்தவர் கையிலேயே கொடுத்து, "பாத்துக்கங்க. இதுல வெள்ளி இம்புட்டு. இன்னைக்கு விலை இது. நான் கிராமுக்கு இவ்வளவு கம்மியாத்தான் எடுப்பேன். அதுதான் எனக்கு லாபம், வேற கழிவு கிடையாது" என்பாள்.

லாபம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு வியாபாரம் செய்தால் பிழைக்க முடியாது என்று பலர் சொன்னார்கள். பிழைத்தாள். ஒரு சாமானில் நிற்பது கொஞ்சம்தான். ஆனால் அவளிடம் வந்தவர்கள் வேறு கடையில் விலை கேட்கப் போவதில்லை. நன்றாக இருக்கும் குங்குமச்சிமிழையும் விளக்கையும் உருக்கக் கொடுக்காமல் மெருகு போட்டு விற்பதில் இன்னும் கொஞ்சம் நின்றது. சேலத்துக்கு வெள்ளி கொண்டுபோகும் தரகர் ஒருவர் வாரம் ஒரு முறை வந்து, தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு வாங்கிப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் சின்னாளப்பட்டியிலிருந்து கனகா என்று ஒரு பெண் வந்தாள். நெசவு வீடு, செல்வியைவிடப் பத்து வயதாவது இளையவள். கொலுசு, காமாட்சி விளக்கு, ஒரு சந்தனக் கிண்ணம். விளக்கைப் பார்த்ததும் செல்வி கேட்டாள்.

"வெளக்கையுமா விக்கிறீங்க? இத வச்சுக்கங்களேன்."

"இல்லக்கா, எல்லாத்தையும் போட்டுருங்க. எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயி ஒரு வருஷமாச்சு. லீவுக்கு லீவு வந்துட்டுப் போறாரு. எனக்கு இது சரிப்படல. நானும் அங்கயே போயிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒத்த ரூம்தான். அட்வான்ஸ் கட்டணும்."

"அங்க போயி ஒத்த ரூம்ல கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்தான். இருந்தா என்னக்கா? ராத்திரிக்குச் சோறு போட்டா சாப்பிட ஆளிருக்கும்ல."

செல்வி தராசில் கண்ணை வைத்துக்கொண்டாள். எண் தெளிவாகத்தான் தெரிந்தது, படிக்க முடியவில்லை. ஒரு தடவை எடுத்து வைத்து, மறுபடி நிறுத்தாள். அன்று கனகாவுக்குக் கிராமுக்குக் கழிக்க வேண்டியதைக் கழிக்காமலே கொடுத்து அனுப்பினாள்.

தானும் இப்படி ஒரு கடையில் நின்றவள்தான். அந்தப் பெண் புருஷனிடம் போவதற்கு வெள்ளியை விற்கிறாள். தான் விற்றது புருஷனை அனுப்பிவைக்க. இந்த நினைப்பு அவளைக் கடையில் உட்காரவிடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்தே போன் போட்டாள். அவன் வேனில் இருந்தான்.

"என்ன செல்வி, இந்த நேரத்துல? சரக்கு எதுவும் பெருசா வந்துச்சா?"

"வந்துருங்க."

"என்னது?"

"போதும். வந்துருங்க. வீடு இருக்கு. கடை இருக்கு. பாப்பா நர்சிங் சேந்தாச்சு. இன்னும் எதுக்கு அங்க இருக்கீங்க?"

வேனை அவன் ஓரங்கட்டும்போது இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பது கேட்டது. "வந்து நான் என்ன பண்ணுவேன் அங்க?" என்றான். அந்தக் குரலில் இருந்த பயத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

அவன் மறுக்கவும் இல்லை, தேதி சொல்லவும் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸ் என்றான். அதற்குள் வெள்ளி விலை ஏறத் தொடங்கிவிட்டது. மாதாமாதம் ஏறியது, பிறகு தினமும் ஏறியது. பரணில் கிடந்த வெள்ளிச் செம்பு, பால் சங்கு, உடைந்த மெட்டி எல்லாம் செல்வியின் மேஜைக்கு வந்தன. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள். அவள் ஒருத்தியாக நிறுத்து, சீட்டுப் பார்த்து, காசு எண்ணி, சாயங்காலம் அவனோடு பேசும்போது குரல் கம்மிப்போயிருக்கும். அவனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

"செல்வி, தரகர்ட்ட குடுக்காத. வச்சிரு. இங்க ரூம்ல எல்லாப் பயலும் சொல்றான், இன்னும் ஏறும்னு. நாலு மாசம் வச்சிருந்தோம்னா நான் அங்க வந்து உக்காந்து சாப்பிடலாம்."

அன்றன்றைக்கு வாங்கியதை அன்றன்றைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் "நான் அங்க வந்து" என்று அவன் சொன்னதில் அவள் விழுந்துவிட்டாள். வைத்திருந்தாள். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றான். விலை ஏறிக்கொண்டிருந்ததால், இன்னும் கொஞ்சம் பொறுத்து நீ விற்றதும் வருகிறேன் என்றான். தை மாதக் கடைசியில் விலை இரண்டே நாளில் தடதடவென்று விழுந்தது. உச்சத்தில் வாங்கிய சரக்கெல்லாம் பீரோவுக்குள் இருந்தது. அவசரத்துக்கு விற்றதில், மூன்று வருஷத்து லாபம் போய்விட்டது.

அன்று அவன்தான் முதலில் அழுதான். "நான் சொல்லப்போய்த்தான..." என்றான். "இன்னொரு காண்ட்ராக்ட் போட்டுறேன் செல்வி. ரெண்டு வருஷம். போனத நான் சம்பாரிச்சுத் தந்துட்டு வாரேன்."

செல்விக்கு வந்தது கோபம். இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் குரலை உயர்த்தியதில்லை.

"வெள்ளி எறங்குனா நாளைக்கு ஏறும். அது போனா போகுது. நம்ம வயசு எறங்குமா? எனக்கு நாப்பத்தாறாச்சு. நீங்க குவைத்துக்குப் போனதுக்கப்புறம் என் கூட இருந்தத மொத்தமாச் சேத்தா ரெண்டு வருஷம் தேறுமா சொல்லுங்க. காண்ட்ராக்ட் போட்டீங்கன்னா இனிமே போன் பண்ணாதீங்க."

போனை வைத்துவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் வழக்கமான வெள்ளி விலைக்குப் பதில் ஒரு டிக்கெட்டின் படம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ராயப்பராஜ் வந்து சேர்ந்தான், இந்தத் தடவை திரும்பிப் போகாமல் இருக்க. தமிழ்நிலா ஹாஸ்டலிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். பிறகு வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்.

அவன் பேசவே இல்லை. விடியுமுன் எழுந்துவிடுவான், அங்கே வேன் எடுக்கும் நேரம் உடம்பில் ஊறியிருந்தது. தட்டைக் கழுவி, போர்வையை மடித்து, செருப்பைச் சுவரோரமாக நகர்த்தி, யாருக்கோ இடைஞ்சல் ஆகிவிடக் கூடாது என்பதுபோல் வீட்டுக்குள் நடந்தான். கட்டிலில் விளிம்போரமாக ஒடுங்கிப் படுத்தான். "நல்லா உள்ள தள்ளிப் படுங்க, இது நம்ம வீடு" என்று அவள் சொன்னால், "ம்" என்று ஒரு சாண் தள்ளிப் படுப்பான்.

கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இன்னும் மோசம். விற்க வந்தவர்கள் அவனைத்தான் முதலாளி என்று நினைத்தார்கள். "அண்ணே, இது எவ்வளவு போகும்?" என்று கொலுசை அவன் கையில் வைத்தார்கள். வெள்ளியைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும், காதால். கையால் தெரியாது. கொலுசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் முழிப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. நாலாம் நாளிலிருந்து ஜங்ஷன் பக்கம் டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பி மத்தியானம் வரை வரமாட்டான்.

அந்த நாட்களில் செல்விக்கு ஒரு விசித்திரமான ஏக்கம் வந்தது. யாரிடமும் சொல்ல முடியாதது. ஊதாச் சேலையைப் பற்றிக் கேட்டவனை அவள் தேடினாள். "அடேயப்பா" என்று சொல்லிச் சிரித்தவனைத் தேடினாள். அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான். சாயங்காலம் அந்த நேரம் வரும்போது கை தானாகப் போனைத் தேடும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். காத்திருந்தது இந்த ஆளுக்காகத்தானா என்று ஒரு நாள் நினைத்து, அப்படி நினைத்ததற்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாள் போட்டு அழுதாள்.

வைகாசியில் தரகருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் வரமுடியாது என்று சொல்லியனுப்பினார். உருக்கிய கட்டிகள் சேர்ந்துபோய்க் கிடந்தன. மறுபடியும் வெள்ளியைக் கையில் வைத்திருக்கச் செல்விக்குப் பயம். அவள் கவலைப்படுவதைப் பார்த்து ராயப்பராஜ் தலையைச் சொறிந்தான்.

"நான் வேணா சேலத்துக்குப் போயிட்டு வரவா?"

"தனியாவா?"

"பாலைவனத்துலயே தனியா வண்டி ஓட்டிட்டேன். சேலம் போகத் தெரியாதா?"

பில்லோடு கட்டிகளைப் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு லுங்கியும் துண்டும் வைத்து, அதிகாலை பஸ்ஸில் ஏறினான். மத்தியானம் செல்வி ஒரு பெண்ணின் அரைஞாணை நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"செல்வி! செவ்வாய்ப்பேட்டையில நிக்கிறேன். ஏ அப்பா, இங்க தெருத்தெருவா வெள்ளிதான் போ! ஒரு வீட்டுல பத்துப் பேரு உக்காந்து கொலுசுக்கு முத்துக் கோத்துக்கிட்டு இருக்காங்க. நீ சொன்னீல்ல, பத்தவைக்கிற பொடி, அத இன்னைக்குத்தான் கண்ணுல பாத்தேன். அப்புறம் கேளு, மொதல்ல போன கடைக்காரன் நம்ம கட்டிய ஒரு டச்சு கம்மியாப் போட்டான். நான் விடல. வேற மெஷின்ல வைப்போம்னேன். வச்சா, நம்ம பீர் முகமது பாய் சொன்னது கரெக்டு! தரகரு நம்மகிட்ட கழிச்சுக்கிட்டு இருந்தாரே, அது இல்லாம முழுசா வாங்கிட்டேன்..."

அவன் பேசிக்கொண்டே போனான். அரைஞாண் கொண்டுவந்த பெண் மேஜையைத் தட்டினாள். "செத்த இருங்கக்கா" என்று செல்வி கையைக் காட்டினாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். குரல் அதே குரல். இடையில் கடலில்லை, கரூரும் நாமக்கல்லும்தான்.

அன்று ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். குவைத்திலிருந்து வந்தபோதெல்லாம் அவனை அழைத்துவர மதுரை ஏர்போர்ட்டுக்கு அவன் அண்ணன்தான் கார் பிடித்துக்கொண்டு போவார். அவள் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பாள். ஓர் இடத்தில் நின்று அவனுக்காக வழி பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சேலம் பஸ்கள் இரண்டு வந்தன. அவற்றில் அவன் இல்லை. மூன்றாவதில் கடைசி ஆளாக இறங்கினான். வெயிலில் முகம் கறுத்து, பையை மார்போடு அணைத்தபடி.

அவளைப் பார்த்துத் திகைத்தான். "என்ன செல்வி? எதுவும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"சும்மாவா?"

"ஆமா. வரக் கூடாதா?"

அவன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, "எங்கண்ணே, நாகல் நகரா?" என்று கேட்டார். ஆட்டோவில் ஏறினால் செத்த நேரத்தில் வீடு வந்துவிடும், வீட்டுக்குள் போனால் அவன் பேசமாட்டான் என்று செல்விக்குத் தோன்றியது.

"வேணாம்ணே, நடந்து போறோம்" என்றாள்.

"நடந்தா? அம்புட்டு தூரமா?" என்றான் ராயப்பராஜ்.

"மெதுவாப் போவோம். அந்த மொதக் கடைக்காரன் ஒரு டச்சு கம்மியாப் போட்டான்னீங்களே, அப்புறம் என்ன சொன்னான்?"

"அதான் போன்லயே சொல்லிட்டேனே."

"ஆளு இருந்துச்சு கடையில, சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தான். முதலில் நாலு வார்த்தை தயங்கித் தயங்கி வந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது இடது கையால் தராசுத்தட்டைப் போலக் காட்டி, அந்தக் கடைக்காரர் மாதிரியே பேசிக் காண்பித்துக்கொண்டிருந்தான். செல்வி தன் நடையை இன்னும் குறைத்துக்கொண்டாள்.